ஐடிலிங் இறங்கவில்லையா? திராட்டில் ஸ்க்ரூவில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்

என் கார் 17 வருடப் பழைய பெட்ரோல் வண்டி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) 750, 800 ஆர்பிஎம்மில் நிற்க வேண்டியது, திடீரென்று 1,700-ஐ விட்டு இறங்க மறுத்தது. நியூட்ரலுக்கு வந்தாலே இரைச்சல்.

ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம்கூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. "ஐடில் வால்வு போயிடுச்சு சார்" என்று, ஐடிலிங்குக்கு வேண்டிய காற்றை விடும் அந்த வால்வைப் புதிதாகப் போட்டார்கள். இறங்கவில்லை. அடுத்து திராட்டில் பாடியையே (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு உள்ள பாகம்) மாற்றினார்கள். அப்போதும் அதே 1,700. மூன்றாவது முறை போனபோது "இசியு-வாத்தான் இருக்கும்" என்று இன்ஜினின் கம்ப்யூட்டரைக் கைகாட்டிய மெக்கானிக், நான் தயங்கியதும், அரை மணி நேரத்தில் "சரியாயிடுச்சு" என்று சாவியைக் கொடுத்தார். ஆர்பிஎம் முள் 1,100-ல் நின்றது. நானும் நம்பி எடுத்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால், பெடல் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் அழுத்தியதும் படக்கென்று விட்டு வண்டி முன்னால் பாய்ந்தது. முன்னால் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் பதறுகிறது. அவர்கள் செய்தது இதுதான்: திராட்டில் தகடு முழுவதும் மூடி இறுகிவிடாமல் தாங்கி நிற்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தளர்த்தியிருந்தார்கள். அது ஐடிலிங் வைக்கிற ஸ்க்ரூவே இல்லை. கம்பெனியில் செட் செய்து பெயின்ட் வைத்து மூடியது. அந்தப் பெயின்ட் உடைந்து கிடந்தது.

கால் வைக்காமலே இன்ஜின் வேகமாகச் சுற்றினால், எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே போகிறது. முதலில் தேட வேண்டியது அந்த வழியை. தெரிந்த ஒரு பெரியவர், ஓடுகிற இன்ஜினில் வேக்குவம் ஹோஸ்களை (இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்தோடு இணைந்த ரப்பர் குழாய்கள்) ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நெருக்கினார். (காய்ந்த ரப்பர் என்றால் நெருக்கும்போதே உடையும், கவனம்.) பிரேக் பூஸ்டர் ஹோஸில் மாற்றமில்லை. பிசிவி வால்விலிருந்து (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி எரிக்க அனுப்பும் வால்வு) மேனிஃபோல்டுக்கு, அதாவது காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதிக்கு, வரும் ஹோஸை நெருக்கியதும் இன்ஜின் சட்டென்று அடங்கியது. கழற்றிப் பார்த்தால் முழங்கை வளைவின் அடிப்பக்கம் ஆயிலில் ஊறிக் கொழகொழவென்று இருந்தது. வளைத்தால் விரல் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். மேலிருந்து பார்த்தால் துளியும் தெரியாது.

ஹோஸில் ஒன்றும் கிடைக்காவிட்டால், ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா, கூலன்ட் குறைந்திருக்கிறதா, கூலன்ட் சென்சார் சூடான இன்ஜினைக் குளிர்ந்தது என்று காட்டுகிறதா என்று பாருங்கள். இவற்றைப் பார்க்காமல் பார்ட்ஸ் மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய பார்ட்ஸை அன்றே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புது ஹோஸ் போட்டு, ஸ்டாப் ஸ்க்ரூவையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகு முள் 780-ல் நிற்கிறது. என் பழைய வால்வையும் திராட்டில் பாடியையும் கேட்டுப் போனேன். "அதெல்லாம் அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள்.