முந்நூறு அட்டைகளும் ஒரு மணவறையும்: வெள்ளவத்தைச் சிறு வடிவமைப்புக் கூடம் ஒன்றின் வேலை

கடந்த ஆவணியில் நடந்த என் மருமகளின் திருமணத்துக்கு, அழைப்பிதழிலிருந்து மண்டப வாசலில் வைத்த வரவேற்புப் பலகை வரை எல்லாவற்றையும் கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு இளம் பெண்கள் மட்டுமே நடத்தும் ஒரு சிறிய வடிவமைப்புக் கூடத்திடம் ஒப்படைத்தோம். என் தங்கையின் கணவர் காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டமையால், தாய்மாமன் என்ற முறையில் கணக்கும் கையொப்பமும் என்னுடைய பொறுப்பாயின. முப்பது ஆண்டுகள் கொழும்புக் கோட்டையில் கணக்காளராக இருந்தவன் ஆதலால் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடும் பழக்கம் எனக்கு இல்லை. கீழே வரும் தொகைகள் அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதப்பட்டவை. கூடத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். குறைகளையும் சொல்லப்போகிறேன், அது இரண்டு பேரின் பிழைப்பு.

இவர்களிடம் போவதற்கு முன்னர் வேறோர் அச்சகத்தில் முற்பணம் கட்டி ஏமாந்திருந்தோம். அங்கே தடித்த ஆல்பம் ஒன்றை மேசையில் போட்டு, அட்டையின் இலக்கத்தை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். நாங்கள் கொடுத்த வாசகம் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய முறை அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே வரிகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றி அனுப்பிய மாதிரிப் பிரதியில், ‘கொழும்பு’ என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. சுட்டிக்காட்டியபோது, அச்சில் சரியாக வந்துவிடும் என்று பதில் வந்தது. திரையில் பிறழ்ந்து நிற்கும் எழுத்து அச்சு இயந்திரத்துக்குள் போய்த் திருந்தி வருமென்று நம்பும் அளவுக்கு எங்களுக்குத் துணிவு இருக்கவில்லை.

வெள்ளவத்தைக் கூடம் என்பது காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிவீட்டின் முன்னறை. ரயில் கடக்கும்போது பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் வரைகிறார், எழுத்துக் கோக்கிறார். மற்றவர் அச்சகம், பூக்காரர், வாகனம், கணக்கு ஆகியவற்றைப் பார்க்கிறார். முதல் சந்திப்பில் ஆல்பம் எதுவும் திறக்கப்படவில்லை. எத்தனை வீடுகளுக்குச் சொல்லப்போகிறீர்கள், அவற்றில் வெளிநாட்டில் இருப்பவை எத்தனை, மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசிக்கவேண்டிய பெரியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு மணி நேரம் கேள்விகளே கேட்டார்கள். அவற்றுள் ஒன்று என்னைச் சிரிக்க வைத்தது: “அங்கிள், எல்லாம் முடிந்த பிறகு ‘இது வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஆள் உங்கள் வீட்டில் யார்? அவரை முதலிலேயே கூட்டிக்கொண்டு வாருங்கள்.” அந்த ஆள் எண்பத்திரண்டு வயதான என் அம்மா. அடுத்த கிழமை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

இந்தக் கூடத்துக்குக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி எதற்குப் போனது என்று யாராவது கேட்டால், படத்துக்கு அல்ல, வாசகத்துக்கு என்றே சொல்வேன். எங்கள் வாசகத்தில் ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லைத் தொடர்ந்து தந்தையின் பெயரும், அடுத்துத் தாயின் பெயரும், பிறகு ‘தம்பதியரின் ஏக புதல்வி’ என்பதும் இருந்தன. நான்கு பேர் வாசித்துத் திருத்திய வரி அது. எழுத்துக் கோக்கும் பெண் மட்டும் அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இப்படி எழுதினால் அம்மாவும் இல்லை என்று பொருள்பட்டுவிடுமே என்றார். என் தங்கை அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். தாயின் பெயரை முதலில் வைத்து, ‘தம்பதியரின்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆகியோரின்’ என்று மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. அதோடும் விடாமல், ‘காலஞ்சென்ற’ என்பது ஒரு வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியின் தொடக்கத்திலுமாகப் பிரியாதபடி வரிகளை மறுபடி அடுக்கினார். மங்கலப் பத்திரிகையில் அந்தச் சொல் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் தந்தையின் பெயர் இல்லாமல் அட்டை போவதில்லை என்பதில் தங்கை உறுதியாக இருந்தாள். அதை மெல்லிய எழுத்தில் ஒதுக்காமல் மற்றப் பெயர்களின் அளவிலேயே வைத்தார்கள்.

முகூர்த்த நேரத்திலும் இதே கவனம் இருந்தது. நாங்கள் வாக்கிய பஞ்சாங்கம் பார்ப்பவர்கள், மாப்பிள்ளை வீட்டார் திருக்கணிதம். கணிப்பில் வேறுபடும் அந்த இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் பொருந்தும் நேரத்தைக் குருக்கள் குறித்துத் தந்திருந்தார். தொலைபேசியில் சொன்ன நேரத்தை ஏற்காமல், குருக்களின் கையெழுத்துக் குறிப்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதை வைத்தே வருடம், திங்கள், திதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள்.

வரைவைப் பற்றிச் சொல்வதானால், யானையும் மயிலும் நிறைந்த வழக்கமான அட்டைக்கு நான் எதிரியல்ல. ஆனால் அது யாருடைய திருமணத்துக்கும் பொருந்தும். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கரவெட்டி, மாப்பிள்ளை மட்டக்களப்பு. இதைக் கேட்டுக்கொண்ட அந்தப் பெண், அட்டையின் ஓரத்தில் பனையோலைப் பெட்டியின் பின்னல் கோலத்தை ஓட்டி, மறுபக்கத்தில் அது மெல்ல நீரலையாக மாறி அதற்குள் ஒரு மீன் நீந்துவதாக வரைந்திருந்தார். மீன்பாடும் தேனாடு என்று பெயர்பெற்ற ஊருக்கு வேறென்ன வரைவது? அம்மா அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “சைவக் கலியாணத்தில் மீன் எதற்குப் பிள்ளை?” என்றார். அந்தப் பெண் வாதாடவில்லை. எட்டு மங்கலப் பொருள்களான அட்டமங்கலத்தில் இணைக்கயல், அதாவது இரட்டை மீன், உண்டுதானே அம்மம்மா என்று மட்டும் கேட்டார். அம்மா சற்று யோசித்துவிட்டு, “அப்படியென்றால் இரண்டாகப் போடு. ஒற்றை மீன் கூடாது” என்றார். இரண்டு மீன்களோடு வரைவு திருத்தமாகவே அமைந்தது. முதலில் அம்மாவை அழைத்து வரச் சொன்னதன் காரணமும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அச்சு வேலை பற்றி எனக்கு இருந்த அறியாமையில் பாதியாவது இந்தச் சில வாரங்களில் நீங்கியது. தாளைத் தெரிவு செய்யப் புறக்கோட்டை மலிபன் வீதிக்கே எங்களைக் கூட்டிச் சென்றார்கள். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள, சற்றே சொரசொரப்பான தந்த நிறத் தாளை எடுத்தோம். மரத்தைப் போலத் தாளுக்கும் இழையோட்டம் உண்டு என்பதும், அதற்குக் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து உள்வெள்ளை தெரியும் என்பதும் எனக்குப் புதிய செய்திகள். நான் கேட்ட மடிப்பு இழையோட்டத்துக்கு எதிராக வந்ததால், பெரிய தாளில் அட்டைகளைத் திருப்பி அடுக்கி, மடிப்புக் கோட்டை முன்கூட்டியே அழுத்திப் பள்ளமாக்கிய பிறகே மடித்தார்கள். அதனால் ஒவ்வொரு பெரிய தாளிலும் ஒரு அட்டை குறைந்தது. அந்த இழப்பை எங்களிடம் மறைக்காமல் விலையில் காட்டினார்கள்.

எழுத்தெல்லாம் பொன்னிறத்தில் மின்னவேண்டும் என்பது என் தங்கையின் ஆசை. அதற்கு நேராகவே மறுப்புச் சொன்னார்கள். பொன் பொயில் என்பது மையல்ல. சூடேற்றிய உலோக அச்சுக்கட்டை மெல்லிய படலத்தைத் தாளில் அழுத்தி ஒட்டவைக்கிறது. சிறிய அளவில் ‘ணை’, ‘ஞ்ஞா’ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் படலம் அடைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துக்குப் போதும் என்கிற அளவு தமிழ் எழுத்துக்குப் போதாது. ஆகவே மணமக்களின் பெயர்களையும் பிள்ளையாரையும் மட்டும் பொன்னில் வைத்து, மற்றவற்றை அடர்ந்த அரக்கு நிறத்தில் ஓப்செட் முறையில் அடித்தார்கள். பெயர்கள் எந்த எழுத்துருவும் அல்ல, அந்தப் பெண்ணே தூரிகையால் எழுதியவை. உடல் எழுத்துக்கு, அதாவது மற்ற வரிகளுக்கு, இலங்கையரான தாரிக் அஸீஸ் தமிழ் வடிவங்களை அமைத்த, இலவசமாகவே கிடைக்கும் ‘பவனம்’ எழுத்துருவைப் பரிசீலித்து, கடைசியில் தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகளையுடைய வேறொன்றைத் தெரிந்தார்கள். எனக்குப் பவனமே பிடித்திருந்தது என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

இனிக் கணக்கு. வடிவமைப்புக்கு 45,000 ரூபாய், அட்டை ஒன்றுக்கு 390 ரூபாய் வீதம் 300 அட்டைகளுக்கு 117,000 ரூபாய், பொயில் அச்சுக்கட்டைக்கு 9,500 ரூபாய். ஆக 171,500 ரூபாய். மலிவு என்று சொல்லமாட்டேன். ஆல்பத்தில் இலக்கம் சொல்லி வாங்கியிருந்தால் ஏறக்குறைய பாதியில் முடிந்திருக்கும். ஆனால் பற்றுச்சீட்டு ஒவ்வொரு வரியும் விளங்கும்படி இருந்தது. மூன்று திருத்தங்கள் கட்டணத்துக்குள் அடங்கும், நான்காவதிலிருந்து தனிக் கட்டணம். மாதிரிப் பிரதியில் நான் கையொப்பமிட்ட பின்னர் கண்டுபிடிக்கப்படும் பிழை என் பொறுப்பு. விலை 14 நாள்களுக்கு மட்டுமே செல்லும். கடைசி நிபந்தனை கடுமையாகத் தோன்றலாம். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாட்டில், தாளின் விலைக்கு ஒரு மாதம் உத்தரவாதம் கொடு என்று இரண்டு பேர் நடத்தும் இடத்தைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பெறுமதி சேர் வரிக்கு (VAT) பதிவு செய்யும் அளவுக்கு அவர்களின் வருமானம் இல்லை; அதனால் எங்களிடம் அந்த வரி அறவிடப்படவில்லை, ஆனால் அச்சகத்துக்கு அவர்கள் கட்டும் 18 வீதம் திரும்பி வருவதுமில்லை. அது விலைக்குள் உறங்குகிறது. இன்னும் 100 அட்டை அடித்தால் ஒன்றின் விலை குறையுமே என்று நான் கேட்டபோது, ஓப்செட் அச்சுத் தட்டும் பொயில் அச்சுக்கட்டையும் எத்தனை அடித்தாலும் ஒரே செலவு என்பதால் குறையும்தான், ஆனால் மிஞ்சும் அட்டையை என்ன செய்வீர்கள் என்று அவர்களே தடுத்தார்கள். எங்களுக்கு மிஞ்சியது 17.

பொயில் வேலை வெளியே நடந்ததால் நான்கு நாள் தாமதமாயிற்று. ஊருக்குக் கலியாணம் சொல்லப் போக, இரவுப் பேருந்தில் ஆசனம் பதிந்துவிட்டிருந்தோம். முந்தின நாளே விடயத்தைச் சொல்லி, ஊருக்கு வேண்டிய 60 அட்டைகளை மட்டும் முதலில் முடித்து, பேருந்து புறப்படுவதற்கு அரை மணி நேரம் இருக்கையில் வெள்ளவத்தையில் கொண்டுவந்து தந்தார்கள். மூலைகளுக்கு மஞ்சள் பூசியது பேருந்துக்குள் வைத்துத்தான். கனடாவுக்கும் லண்டனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பத் தந்த பிரதி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; கைபேசித் திரைக்கேற்ற நீளத்தில் தனியாகக் கோத்திருந்தார்கள், பெரிதாக்காமலே வாசிக்க முடிந்தது.

இதுவரை எழுதியதை வைத்து எல்லாவற்றையும் இவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று யாரும் முடிவெடுக்கவேண்டாம். மணவறை, வாசல் தோரணம், நிறைகுட மேசை, பலகைகள் ஆகியவற்றுக்குத் தனியாக 310,000 ரூபாய் கொடுத்தோம். அதில் எனக்குத் திருப்தி இல்லை. முதல்நாள் மாலை மண்டபத்தில் வேறொரு வைபவம் இருந்ததால் காலை ஐந்து மணிக்கே கதவு திறந்தார்கள். இப்படி நடப்பது கொழும்பில் புதிதல்ல, அதற்கேற்ற ஆள்பலம் வேண்டும். ஒருவர் மண்டபத்தில் நிற்க, மற்றவர் பூவுக்குப் போயிருந்தார்; இடையில் வாழைமரம் கொண்டுவரும் வாகனத்தை விசாரிக்க மூன்றாவது ஆள் இருக்கவில்லை. வாழை ஏழரைக்கு வந்தது. மணவறையின் பின்திரையை நிமிர்த்தி முடித்தபோது நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. வரைபடத்தில் மிக அழகாக இருந்த பனையோலை வளைவு ஒருபக்கம் சற்றுச் சரிந்தே நின்றது; படங்களிலும் அப்படியே பதிந்துவிட்டது.

அதைவிட உறுத்தியது வாசற்பலகை. மருமகளின் அலுவலக நண்பர்களில் பெரும்பாலோர் சிங்களவர்கள் என்பதால் மூன்று மொழிகளிலும் வரவேற்பு எழுதச் சொல்லியிருந்தோம். தமிழ் பிழையின்றி இருந்தது. சிங்களத்தில் ‘சாதரயென்’ என்ற சொல்லில் நெடிலுக்கான குறி விடுபட்டிருந்தது. அவளுடைய தோழி ஒருத்தி சிரித்துக்கொண்டே காட்டினாள். தவறாக எழுதிய தமிழ்ப் பலகைகளைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பி ஆத்திரப்படும் நாங்கள், அன்று மறுபக்கத்தில் நின்றோம். காலஞ்சென்ற என்பதற்கு முன்னும் பின்னும் அத்தனை யோசித்தவர்கள், தமக்குச் சரளமில்லாத மொழியை ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு விட்டதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை. பலகைக்கான 12,000 ரூபாயை நான் கேட்காமலே கழித்து இறுதிக் கணக்கை அனுப்பினார்கள். அந்த வரிக்கு எதிரே ‘எங்கள் பிழை’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது.

வரும் தையில் என் மகனுக்குத் திருமணம். அழைப்பிதழுக்கு இவர்களிடமே முற்பணம் கட்டிவிட்டேன். உடல் எழுத்து இம்முறை பவனம் என்பது என் நிபந்தனை. மணவறையை வேறொருவரிடம் கொடுக்கப்போகிறேன் என்பதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். வரையும் பெண் ஒரு நொடிகூட யோசிக்காமல், “அதுதான் நல்லது அங்கிள். ஆனால் அவரிடம் காலை ஐந்து மணிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்” என்றார்.