வலி தாங்காமல் பல்லைப் பிடுங்கச் சம்மதித்துவிடாதீர்கள்

வெளிநாட்டில் தனியாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடுராத்திரியில் பல்வலி வந்து, காலையில் முதலில் திறக்கிற கிளினிக்குக்கு ஓடுகிற யாருக்கும் எனக்கு நடந்தது நடக்கலாம். காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு கடைவாய்ப்பல்லை இழந்துவிட்டேன். அதன் இடத்தில் இப்போது இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகிப் பொருத்திய செயற்கைப் பல், இருக்கிறது. அதுவும் எப்படிப்பட்ட தொல்லையாக மாறியது என்பதையும் சொல்கிறேன்.

வலது பக்கம், கீழ்வரிசை, முதல் கடைவாய்ப்பல். ஒரு மாதமாகவே சூடாக எதைக் குடித்தாலும் கூச்சம் இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். காப்பீட்டில் பல் சேருமா சேராதா என்ற குழப்பம் ஒரு பக்கம், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். பிறகு ஒரு இரவு, படுத்ததும் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும், படுத்தால் காது வரை ஏறும். மாத்திரை போட்டும் கேட்கவில்லை. குளிர்ந்த தண்ணீரை ஒரு வாய் எடுத்து அந்தப் பல்மேல் தேக்கி வைத்தால் மட்டும் வலி நின்றது. வாய்க்குள் தண்ணீர் வெதுவெதுப்பானதும் மறுபடி தெறிக்கும். துப்பிவிட்டு அடுத்த வாய். விடியும்வரை வாஷ்பேசின் பக்கத்திலேயே இரண்டு லிட்டர் பாட்டிலோடு நின்றேன்.

பல்லுக்குள் இருக்கும் பல்கூழ், அதாவது நாம் சாதாரணமாக நரம்பு என்று சொல்வது, இனித் தானாக ஆறாது என்கிற அளவுக்கு வீங்கிவிட்டதன் அடையாளம் இது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சூடு பட்டால் வலி, குளிர்ச்சி பட்டால் இதம், படுத்தால் மோசம். பெரும்பாலும் ரூட் கெனால் செய்தால், அதாவது பல்லை வைத்துக்கொண்டே உள்ளே இருக்கும் கூழை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்தால், தீரக்கூடிய நிலைமை. அன்று காலை எனக்கு இது எதுவும் தெரியாது. வலி நின்றால் போதும் என்றிருந்தது.

கிளினிக்கில் நிற்க வைத்து, தாடை முழுவதையும் சுற்றி எடுக்கிற ஒரு பெரிய எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த ஒரு பல்லுக்கென்று தனியாகச் சின்ன எக்ஸ்ரே எடுக்கவில்லை. பல்லைத் தட்டிப் பார்க்கவில்லை, குளிர் வைத்துப் பார்க்கவில்லை, எதையாவது கடிக்கச் சொல்லியும் பார்க்கவில்லை. மருத்துவர் திரையைச் சுட்டி, பல்லில் விரிசல் இருக்கிறது, ரூட் கெனால் செய்தாலும் தோற்றுப்போகும், இம்ப்ளான்ட்தான் நிரந்தரம் என்றார். அந்த நாட்டு மொழி எனக்குப் பாதிதான் புரியும். அவர் போனதும் ஒரு ஆலோசகர் வந்தார். அவர் மருத்துவர் இல்லை. ரூட் கெனால் செய்த பல் செத்த பல், அது உடம்பு முழுக்க விஷத்தைப் பரப்பும் என்றார். இன்றே கையெழுத்துப் போட்டால் இம்ப்ளான்ட்டுக்குத் தள்ளுபடி என்றார். நாலு பக்கப் படிவம், முழுக்க அவர்கள் மொழியில்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று போனை எடுத்தேன். அங்கே நடுநிசி. எழுப்ப மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். உள்ளே நுழைந்து நாற்பது நிமிடத்தில் பல் என் வாயில் இல்லை.

பல் உடையாமல் முழுசாக வந்தது. அதை நான் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. கழுவி ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள்.

மறுநாள் அக்காவிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவின் மொத்த விஷயமும். “ஏன்டா, வலிக்கு அன்னைக்கு அந்த நரம்பை மட்டும் எடுத்துட்டு, பல்லை வைக்கிறதா எடுக்கிறதான்னு நிதானமா யோசிச்சிருக்கலாமே?” அவளுக்கும் இதே மாதிரி கீழ்க் கடைவாய்ப்பல்தான். ரூட் கெனால் செய்து, மேலே கிரவுன் என்கிற உறையைப் போட்டுப் பதினொரு வருடம் ஆகிறது, அதிலேதான் மெல்லுகிறாள்.

வலியை நிறுத்துவது ஒரு வேலை. பல்லை என்ன செய்வது என்று முடிவெடுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நாற்காலியில், ஒரே மணி நேரத்தில் செய்தாக வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, பல்லின் மேல்பகுதியைத் திறந்து, வீங்கிய கூழை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்துவிட்டால் அன்றைக்கே வலி பெரிதும் அடங்கிவிடும். சில வாரங்கள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் இன்னொரு மருத்துவரிடம் காட்டலாம், காப்பீட்டில் விசாரிக்கலாம், வீட்டில் பேசலாம். ஆனால் அந்தத் தற்காலிக அடைப்பை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடக் கூடாது. அது கசியும், உள்ளே மறுபடி கிருமி போகும். ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு நாள் கடத்துவதும் சரிவராது, இந்த மாதிரி வலியை அது தீர்ப்பதில்லை. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் மட்டும் எதையும் யோசிக்காதீர்கள், நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அந்த “செத்த பல் விஷம்” கதைக்கு வருகிறேன், ஏனென்றால் என்னைப் பயமுறுத்தியது அதுதான். இது நூறு வருடப் பழைய கதை. அமெரிக்காவில் பணியாற்றிய வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் 1920களில் இதைப் பரப்பினார். அதை நம்பி அந்தக் காலத்தில் ஏராளமான பற்களைப் பிடுங்கினார்கள். பின்னால் ஒழுங்கான கட்டுப்பாடுகளோடு சோதித்தபோது அவர் சொன்னது நிற்கவில்லை. ஒரு கிளினிக்கில் இன்று இதைச் சொல்லி இம்ப்ளான்ட் விற்கிறார்கள் என்றால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இம்ப்ளான்ட்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை. டைட்டானியம் உயிருள்ள எலும்போடு இறுகிச் சேர்ந்துகொள்ளும் என்பதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952இல் கவனித்தார். 1965இல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். அந்த மனிதர் கீழ்த்தாடையில் பல்லே இல்லாமல் தவித்தவர். அவருக்குப் பொருத்தியது நாற்பது வருடம் உழைத்தது. பல் இல்லாதவருக்கு அது பெரிய வரம். பல்லின் வேர் நீளவாக்கில் பிளந்திருந்தால், சொத்தை எலும்பு மட்டத்துக்குக் கீழே போயிருந்தால், கிரவுன் பிடித்துக்கொள்ள ஈறுக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் சுவர்கூட மிஞ்சவில்லை என்றால், அந்தப் பல்லோடு போராடுவதைவிட எடுத்துவிடுவதே நல்லது என்று மருத்துவர் சொல்வது நியாயம்தான். என் பல் அந்த வகையில் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பிடுங்கிய பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மாதம் கழித்து இம்ப்ளான்ட் பொருத்தப் போனபோது, எலும்பு குறுகிவிட்டது, எலும்புத்தூள் வைத்து அகலப்படுத்த வேண்டும் என்று கூடுதலாக ஒரு பில் போட்டார்கள். பல்லை எடுத்தால் அந்த இடத்து எலும்பு முதல் சில மாதங்களிலேயே கரைந்து குறுகும் என்பது பல் மருத்துவர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. எலும்புத்தூள் வைத்த இடம் ஆறுவதற்குச் சில மாதம், இம்ப்ளான்ட் திருகு எலும்பில் இறுகச் சில மாதம், பிறகு அளவெடுத்துக் கிரவுன். எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போய் இம்ப்ளான்ட்டை முழுசாக முடித்துக்கொண்டு வரலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ரூட் கெனால் என்றால் ஒன்று முதல் மூன்று தடவை உட்கார்ந்தால் போதும், பிறகு கிரவுன். அது ஒரு விடுமுறைக்குள் அடங்கும்.

பிறகு வேலை மாறி வேறு நாட்டுக்கு வந்தேன். வந்த சில மாதத்தில் ஒரு நாள் மெல்லும்போது அந்தக் கிரவுன் லேசாக ஆடியது. உள்ளே இருக்கும் சின்னத் திருகு தளர்ந்திருந்தது. இறுக்கினால் போதும். ஆனால் எந்த நிறுவனத்தின் இம்ப்ளான்ட் என்று தெரிந்தால்தானே அதற்கான திருப்புளியை எடுக்க முடியும்? ஒவ்வொரு கம்பெனிக்கும் இணைப்பு வேறு, அளவு வேறு. பழைய கிளினிக் எனக்கு எந்த அட்டையும் தரவில்லை. நாலு மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை. புதிய மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, இம்ப்ளான்ட்டின் வடிவத்தைப் பார்த்து, இது இன்னதாக இருக்கலாம் என்று ஊகித்து, கருவியை வரவழைத்து இறுக்குவதற்கு மூன்று வாரம் ஆனது. இம்ப்ளான்ட் போட்டுக்கொள்கிறவர்கள் தயாரிப்பு நிறுவனம், மாடல், விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் உள்ள ஸ்டிக்கரோடு அட்டையைக் கையில் வாங்காமல் பணம் முழுவதையும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் நாளைக்கு எந்த ஊரில் இருப்போம் என்று நமக்கே தெரியாது.

இந்தப் புதிய மருத்துவரிடம்தான் அந்த டப்பாவைக் காட்டினேன். அவர் கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, பல்லை ஒரு கவ்வியில் பிடித்து, பின்னாலிருந்து விளக்கு அடித்து மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் இருந்தால் வெளிச்சம் அந்தக் கோட்டில் தடைபட்டு நிற்கும் என்றார். பல் முழுக்க ஒரே மாதிரி மஞ்சளாக ஒளிர்ந்தது. பின்பக்கம் ஒரு ஆழமான கறுப்புக் குழி, மற்ற மூன்று பக்கமும் நல்ல கெட்டிச் சுவர். இரண்டு வேரும் முழுசு. விரிசல் எங்கும் இல்லை. “வாயில் இருந்தபோது நான் பார்க்கவில்லை, அதனால் முழுசாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த மாதிரிப் பல்லுக்கு நான் தினமும் ரூட் கெனால் செய்கிறேன்” என்றார். தாடை முழுவதையும் காட்டும் அந்த எக்ஸ்ரேயில் இப்படிப்பட்ட மெல்லிய விரிசலைக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமே இல்லை என்றும் சொன்னார். கடிக்க வைத்து, சாயம் தடவி, வெளிச்சம் அடித்து, ஈறைச் சுற்றி ஆழம் அளந்துதான் பார்ப்பார்களாம். பழைய கிளினிக்கில் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

அங்கே கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்கிற மருத்துவரே கிடையாது என்பதும் பிறகு தெரியவந்தது. இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். “இங்கே இந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்ய முடிவு செய்தால் யார் செய்வார்?” இந்த ஒரு கேள்விக்குப் பெயரோடு பதில் வராவிட்டால், அங்கே கிடைக்கும் ஆலோசனை ஒரு பக்கமாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ரூட் கெனால் செய்த பல்லும் இம்ப்ளான்ட்டும் நிலைத்து நிற்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று நிரந்தரம், மற்றது தோற்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் ஈறு அழுகி எலும்பு கரையலாம், புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். ரூட் கெனால் தோற்றால் மறுபடி செய்து பார்க்கலாம், வேர் நுனியில் சின்ன அறுவைசிகிச்சை செய்யலாம், எதுவும் முடியாவிட்டால் அன்றைக்கு இம்ப்ளான்ட் போடலாம். பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க வழி இல்லை.

இன்னொன்று, அனுபவித்தால்தான் தெரியும். சொந்தப் பல்லைச் சுற்றி எலும்புக்கும் வேருக்கும் நடுவே மெல்லிய நார் இருக்கிறது. எதைக் கடிக்கிறோம், எவ்வளவு அழுத்தம் என்று உடனே சொல்வது அதுதான். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. இடது பக்கம் ஒரு பொடிக்கல் பட்டால் சட்டென்று வாய் நின்றுவிடுகிறது. வலது பக்கம் பட்டால் நறுக்கென்ற சத்தம் கேட்ட பிறகுதான் தெரிகிறது.

போன மாதம் மேல்வரிசையில் இடது கடைவாய்ப்பல்லில் அதே சூட்டுக் கூச்சம் ஆரம்பித்தது. இந்தத் தடவை ஒரு நாளும் தள்ளிப்போடவில்லை. இதே மருத்துவர், பல்லைத் தட்டி, குளிர் வைத்து, அந்தப் பல்லுக்கு மட்டும் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, பிறகு ரூட் கெனாலே செய்யும் நிபுணரிடம் அனுப்பினார். அவர் ஒரு ரப்பர் விரிப்பைப் பல்லைச் சுற்றி மாட்டினார், எச்சில் உள்ளே போகாமலும் மருந்து தொண்டைக்குள் இறங்காமலும் இருக்க. மேல் முதல் கடைவாய்ப்பல்லில் வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய் நாலாவதாக ஒன்று ஒளிந்திருப்பது வழக்கம், அதை விட்டுவிட்டால்தான் பின்னால் தொல்லை என்று சொல்லிக்கொண்டே, நுண்ணோக்கியில் இருபது நிமிடம் தேடிக் கண்டுபிடித்தார். படிவத்தை எனக்குப் புரிகிற மொழியில் கேட்டேன், கொடுத்தார்கள். எக்ஸ்ரேக்களை மூலக் கோப்பாகவே பென்டிரைவில் வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் கிரவுனுக்கு அளவெடுக்கிறார்கள்.

பழைய கிளினிக் மீது அந்த நாட்டுப் பல் மருத்துவ ஒழுங்காணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். புதிய மருத்துவரின் கடிதம், பல்லின் புகைப்படங்கள், அன்றைய எக்ஸ்ரே எல்லாம் இணைத்திருக்கிறேன். கிளினிக் தரப்பிலிருந்து இதுவரை வந்த ஒரே பதில், நான் கையெழுத்துப் போட்ட அந்த நாலு பக்கப் படிவத்தின் நகல். ஆணையத்தின் முடிவு வந்ததும் சொல்கிறேன். அதுவரை டப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.