649 ரூபாய் துணி பேடும் என் தாடைப் பருவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஹெட்செட் ரிவ்யூ இல்லை. ஹெட்செட்டில் காதைச் சுற்றி உட்காரும் மெத்தை இருக்கிறதே, இயர் பேட், அதைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்காக ஆன்லைனில் 649 ரூபாய்க்கு வாங்கிய வெல்வெட் துணி பேடைப் பற்றியது. கம்பெனி பெயர்கூடக் கிடையாது, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இரண்டு கறுப்பு வட்டம், அவ்வளவுதான்.

வாங்கக் காரணம் பரு. சென்னையில் ஏசி இல்லாத அறை, ஆபீஸ் முடிந்து வந்து இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை வாலரண்ட் என்கிற துப்பாக்கிச் சண்டை கேம், சனி ஞாயிறு என்றால் கணக்கே இல்லை. ஏப்ரல் மாதம் இரண்டு காதுக்கும் முன்னாலிருந்து தாடை திரும்புகிற இடம் வரை, பிறை மாதிரி வளைந்து, சின்னச் சின்னதாகக் கிளம்ப ஆரம்பித்தது. நெற்றியும் மூக்கும் சுத்தமாக இருந்தன. "ராத்திரி பூரா கண்ணு முழிச்சு அந்த வெளிச்சத்தையே பாத்தா வேற என்னடா வரும்" என்று அம்மா. நானும் அதை நம்பி, திரையின் நீல ஒளியிலிருந்து தோலைக் காக்கும் என்று அட்டையில் போட்டிருந்த ஒரு கிரீமுக்கு 900 ரூபாய் அழுதேன். வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுத்ததுதான் மிச்சம்.

தோல் டாக்டர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஹெல்மெட் ரொம்ப நேரம் போடுவீங்களா?"

"பைக்கே இல்ல டாக்டர்."

"அப்ப காதுல என்ன மாட்டுறீங்க?"

விஷயம் அங்கேதான் இருந்தது. ஆக்னே மெக்கானிக்கா என்று இதற்குப் பெயராம். அழுத்தம், உரசல், சூடு, வியர்வை எல்லாம் ஒரே இடத்தில் சேரும்போது மயிர்க்கால் அடைத்துக்கொண்டு பரு வருவது. அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவர்களுக்கு ஹெல்மெட் பட்டி படுகிற தாடையில் வருவதும் இதே சமாச்சாரம்தான். என் ஹெட்செட்டின் பேட் ரெக்சின், காற்று துளியும் போகாது, நாலு மணி நேரம் ஆடிவிட்டுக் கழற்றினால் உள்ளே துடைக்கிற அளவுக்கு ஈரம் இருக்கும். நீல ஒளி பற்றிக் கேட்டேன். மானிட்டரிலிருந்து வருவது வெயிலில் இருப்பதன் பக்கத்தில்கூட வராது, மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நின்றாலே அதைவிட அதிகம் என்று சிரித்தார்.

கேமுக்குத் தோல் விஷயத்தில் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2009இல் ஜெனிவாவில் 12 வயதுப் பெண்ணுக்கு உள்ளங்கையில் வலியோடு சிவப்புக் கட்டிகள் வந்து, விசாரித்தால் தினமும் பல மணி நேரம் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறாள், பத்து நாள் ஆடாமல் இருந்ததும் சரியாகிவிட்டது. மடியில் லேப்டாப்பை வைத்து மாதக்கணக்கில் ஆடிய பையனுக்குத் தொடையில் வலை பின்னின மாதிரி பழுப்புத் தழும்பு விழுந்த கதையும் உண்டு. எல்லாமே சாதனம் உடம்பில் படுகிற இடம். அப்புறம் நடுராத்திரி எனர்ஜி டிரிங்க், 250 மில்லி கேனுக்கு 27 கிராம் அளவுக்குச் சர்க்கரை, அதையும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். பாதி நிறுத்தியிருக்கிறேன்.

சரி, பேடுக்கு வருகிறேன். மாட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. விளிம்பை வளையத்துக்குள் செருக வேண்டும், விரலால் முடியாமல் பழைய ஏடிஎம் கார்டை வைத்து நெம்பி இருபது நிமிடம் ஆனது. மாட்டிய பிறகு சுகம். காது மூச்சு விடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். வாரம் ஒரு முறை கழற்றி ஷாம்பு தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுகிறேன், முதல் தடவை வந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்த பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஹெட்செட் மாட்டுவதை விட்டுவிட்டேன்.

குறை உண்டு. பேஸ், அதாவது கனமான தாழ்ந்த ஒலி, குறைந்துவிட்டது, வெளிச் சத்தம் உள்ளே வருகிறது. ஃபேனை ஐந்தில் வைத்தால் எதிராளி மெதுவாக நடந்து வரும் காலடி கேட்பதில்லை, முதல் வாரம் அதனாலேயே நிறைய செத்தேன். துணியில் முடி, தூசி எல்லாம் ஒட்டுகிறது.

பரு குறைந்ததா? குறைந்தது. ஆனால் இரவில் பருவுக்கான அடாபலீன் ஜெல்லும் போட்டுக்கொண்டிருந்தேன், அது பலன் காட்டவே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால் எது வேலை செய்தது என்று எனக்கே குழப்பம். ஆகஸ்டில் ஒரு வாரம் மழை விடாமல் பெய்து பேட் காயவே இல்லை, வேறு வழியில்லாமல் பழைய ரெக்சினை மாட்டினேன், ஜெல் வழக்கம்போல நடந்துகொண்டுதான் இருந்தது. ஐந்தாம் நாள் இடது தாடையில் அதே இடத்தில் மூன்று பரு. எனக்கு அந்த ஆதாரம் போதும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வாங்குகிறவர்கள் தங்கள் ஹெட்செட் வளையத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள், எனக்கு வலது பக்கம் இன்னும் லேசாக நழுவுகிறது. இன்னொன்று, பென்சாயில் பெராக்சைடு என்கிற பரு மருந்து உள்ள ஃபேஸ்வாஷ் போடுகிறவர்கள் முகத்தை நன்றாகக் கழுவிவிட்டு மாட்டுங்கள். அது துணியை வெளுத்துவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, இடது பேடில் இப்போது செம்பட்டையாக ஒரு திட்டு. அடுத்த ஜோடி வெள்ளையில் ஆர்டர் போட்டிருக்கிறேன்.