டொயோட்டா ஜிடி86: ஆறு ஆண்டுகளும் அளவான மாற்றங்களும்

பிரிட்டனில் ஜிடி86 என்ற பெயரில் விற்பனையான டொயோட்டாவின் 2013 மாடல் காரை ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 1998 சிசி பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் இருபுறமும் படுத்தவாறு எதிரெதிராக இருப்பது), நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் 200 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,240 கிலோ எடை என்பதே இதன் கணக்கு. எடைக் குறைவும், ஓட்டுபவரின் கைக்குச் சாலையைச் சொல்லும் ஸ்டியரிங்குமே இந்த வண்டியின் பெருமை என்பதால், அவற்றைக் கெடுக்கும் எந்தப் பாகத்தையும் பொருத்துவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன்.

இந்த வண்டி ஆலையிலிருந்து வந்தபோது அதில் இருந்தவை 215/45 ஆர்17 அளவுள்ள மிஷ்லின் பிரைமசி டயர்கள். எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற பிரியஸ் காருக்கும் பொருத்தப்பட்ட இந்த டயரின் பிடிமானம் குறைவு. குறைந்த வேகத்திலேயே வண்டி வழுக்கி விளையாட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே எடுக்கப்பட்ட முடிவு அது. உலர்ந்த சாலையில் நான் அதை ரசித்தேன். வேல்ஸின் மழையில் ரசிக்க முடியவில்லை. அதே அளவில் பைலட் ஸ்போர்ட் 4 டயர்களையும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 கிலோ எடையுள்ள என்கே ஆர்பிஎஃப்1 வீல்களையும் மாட்டினேன். இந்த வீலின் நடுத்துளை 73 மி.மீ., வீல் உட்காரும் வண்டியின் நடுக்குமிழான ஹப் 56.1 மி.மீ.; இடைவெளியை நிரப்பும் வளையங்களைப் போடாமல் ஓட்டிய முதல் வாரம், 60 மைல் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. சில பவுண்டுகள் விலையுள்ள வளையங்களைப் போட்டதும் நடுக்கம் நின்றது.

அடுத்ததாக, வண்டியை ஏறத்தாழ 25 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்குகள். நான் அதிகம் பாடம் படித்தது இதில்தான். வண்டியை இறக்கினால் பின்சக்கரங்களின் மேற்பகுதி உட்பக்கம் சாய்கிறது. ஆனால் இந்த வண்டியின் பின்புறத்தில் டோ கோணத்தை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவை) மட்டுமே திருத்த முடியும், கேம்பரை, அதாவது அந்தச் சாய்வைத் திருத்த ஆலை வழி வைக்கவில்லை. ஸ்பிரிங் மாற்றிய பட்டறை அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்க்காமலே வண்டியை ஒப்படைத்தது. 8,000 மைலுக்குள் பின் டயர்களின் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. சக்கரத்தை வண்டியோடு அடியில் இணைக்கும், நீளத்தை மாற்றக்கூடிய பின்புறக் கீழ்க்கைகளை வாங்கி, வேறு இடத்தில் நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் செய்த பிறகே டயர் தேய்மானம் சீரானது. ஆகவே ஸ்பிரிங்கின் விலையோடு இந்தக் கைகளின் விலையையும் அலைன்மென்ட் செலவையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

பிரேக்கில் நல்ல பேட்களும் புதிய ஆயிலும் எனக்குப் போதுமாக இருந்தன.

எஞ்சினில் அனைவரும் குறைசொல்வது, 3,500 முதல் 4,500 சுழற்சி வரை முறுக்குவிசை சரிந்து நிற்கும் பள்ளத்தைத்தான். எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் முதல் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் ஹெடரை மாற்றி, அதற்கேற்ப எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவின் நிரலையும் திருத்தி எழுதிய பின் அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பியது. மலைச்சாலையில் மூன்றாம் கியரிலேயே வளைவை விட்டு வெளியேற முடிகிறது. ஆலை ஹெடரோடு புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இணைந்திருப்பதால், கன்வெர்ட்டர் உள்ள மாற்று ஹெடரையே தேர்ந்தெடுத்தேன். கன்வெர்ட்டர் இல்லையென்றால் பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி எனும் வாகனத் தகுதிச் சோதனையில் வண்டி தோற்கும். அதைவிட, பின்னால் வருபவர் நம் புகையைச் சுவாசிப்பது முறையன்று. செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்கிறேன்.

வருந்தியது சைலன்சருக்குத்தான். முதலில் போட்ட அகலக் குழாய் சைலன்சர், ஆறாம் கியரில் 70 மைல் வேகத்தில், அதாவது சுமார் 3,000 சுழற்சியில், காதை அடைக்கும் முழக்கத்தை எழுப்பியது. லண்டனிலிருந்து கார்டிஃப் வரை சென்றால் தலைவலியோடுதான் இறங்குவேன். ஆற்றலில் உணரத்தக்க மாற்றமும் இல்லை. ஒன்றரை ஆண்டுக்குப் பின் அதைக் கழற்றிவிட்டு ஆலை சைலன்சரையே திரும்பப் பொருத்தினேன். கழற்றிய பாகங்களைப் பெட்டியிலிட்டுப் பாதுகாத்திருந்ததால் அது எளிதாயிற்று.

தோற்றத்தில் முன்பக்க பம்பரின் அடியில் ஒரு கறுப்பு லிப்பை (மெல்லிய விளிம்புப் பட்டையை)த் தவிர எதையும் சேர்க்கவில்லை. ஸ்டியரிங் வீலையும் தொடவில்லை. 365 மி.மீ. விட்டமுள்ள அந்தச் சிறிய வட்டத்தைப் பிடிக்கும்போது, இதைவிடச் சிறந்த ஒன்றை வெளியில் வாங்க முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை.