கரையிலிருந்து இறங்கும் ஸ்கூபாவா? கருவியின் கிளிப்பைச் சரிபாருங்கள்

கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், அடியெல்லாம் மணல், பவளப்பாறை 12 மீட்டருக்குள் முடிந்துவிடும், புதியவர்களுக்கும் பயமில்லை. இப்படிச் சொல்லித்தான் ஸ்கூபா நிறுவனத்தார் இரண்டு டைவுக்கும் முன்பணமாகவே முழுத்தொகையும் வாங்கினார்கள். ஒரு கைடுக்கு நான்கு பேர் என்று பேச்சு. போய்ப் பார்த்தால் எட்டுப் பேருக்கு ஒருவர்.

அலை பெரிதாவதற்குள் இறங்க வேண்டும் என்று ஒரே விரட்டல். ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்கும் வழக்கமான சோதனைகூட நடக்கவில்லை. மெல்லிய வெட்சூட் (நீருக்குள் போடும் ரப்பர் உடை) போட்டிருந்த எனக்கு, மூழ்குவதற்கான எடையாக 10 கிலோ ஈயத்தைப் பெல்ட்டில் கட்டினார்கள். அதிகமில்லையா என்று கேட்டேன். "கரையிலிருந்து இறங்கினா இப்படித்தான் வேணும்" என்றார் கைடு. அப்படி ஒரு விதியும் கிடையாது.

ஆபத்து வந்தது வேறு பக்கத்திலிருந்து. காற்று தீர்ந்தவருக்குக் கொடுப்பதற்காகத் தொங்கும் இரண்டாவது ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி), ஆக்டோபஸ் என்பார்களே, அதை மாட்டும் கிளிப் உடைந்திருந்தது. காட்டினேன். தொங்கட்டும், ஒன்றும் ஆகாது என்றார்கள். அலை தள்ளி நான் முழங்காலிட்டபோது அது மணலில் இழுபட்டது. உள்ளே மணல் புகுந்தால் வால்வு சரியாக மூடாது.

11 மீட்டரில் அது காற்றைக் கொட்ட ஆரம்பித்தது. முகத்துக்கு முன்னால் வெள்ளைக் குமிழிகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வாய்ப்பகுதியைக் கீழே திருப்பினால் சில சமயம் நிற்கும். திருப்பினேன், தட்டினேன், நிற்கவில்லை. சிலிண்டரின் காற்றழுத்தம் 130 பார் என்று காட்டிய கேஜ் முள் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. கைடு முன்னால் போய்க்கொண்டே இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்மணிதான் தன் ஆக்டோபஸை என்னிடம் நீட்டி, என் மிதவை ஜாக்கெட் (காற்றடைத்தால் மிதக்க வைப்பது) பட்டையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மேலே கூட்டி வந்தார். அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேலே வந்த பிறகும் முடியவில்லை. சிலிண்டர் காலி, அதனால் ஜாக்கெட்டில் காற்று ஏறவில்லை; அந்த 10 கிலோ கீழே இழுத்தது. பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாயால் ஊதித்தான் மிதந்தேன்.

இன்னொன்றும் மனதை விட்டுப் போகவில்லை. என்னைப் போலவே ஈயம் அதிகமான இருவர் மிதக்க முடியாமல் பாறைமேலேயே முட்டி போட்டார்கள். கொம்புப் பவளம் ஒன்று முறிந்தது. கிளம்பிய மணல் மற்றவற்றின்மேல் படிந்தது.

நீங்கள் போனால், சிலிண்டரை மாட்டியதும் கேஜைப் பார்த்தபடி இரண்டு ரெகுலேட்டரிலும் நான்கைந்து முறை மூச்சிழுங்கள். முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஆக்டோபஸ் நெஞ்சுப் பக்கம் மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். தொங்கினால் வேறு செட் கேளுங்கள், தரவில்லையா, இறங்காதீர்கள்.

போகாத இரண்டாவது டைவுக்குப் பணம் திருப்பிக் கேட்டேன். கருவிகள் சரியாக இருந்ததாக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். உடைந்த கிளிப்பைப் படமெடுத்து அனுப்பினேன். அப்புறம் பதிலே இல்லை.