கீமோ நாட்களில் தனியாக இருப்பவருக்கு: ஏஜென்சி ஆளா, பக்கத்து வீட்டு அக்காவா?

குடியாத்தத்தில் தனியாக இருக்கும் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒரு கீமோ என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு வேலை பெங்களூரில்; அவரோ வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயும் வர மாட்டேன் என்றுவிட்டார்.

வேலூரிலேயே ரூம் எடுக்கலாமா என்று முதலில் யோசித்தோம். அங்கே சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பியே காந்தி ரோட்டைச் சுற்றி லாட்ஜுகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி பக்கம்தான், ஆனால் கூடத் தங்க ஆள் வேண்டுமே. அதை அதோடு விட்டோம்.

முதல் கீமோவுக்கு ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்க ஒருவரை வைத்தோம். வேலையில் குறை சொல்ல முடியாது. மருந்து ஏறிய இரண்டு நாளைக்குச் சிறுநீர், வாந்தி எதையும் வெறும் கையால் தொடக் கூடாது என்று தெரிந்து, கையுறையோடு வந்தார்.

சிக்கல் ராத்திரியில் வந்தது. கீமோ போட்ட 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மணி இரண்டானாலும் கிளம்பிவிட வேண்டும். பாராசிட்டமால் போட்டால் சூடு மட்டும் தணியும், தொற்று உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். முதலில் வந்தவரிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தோம். 10ஆம் நாள் உடம்பு சுட்டபோது இருந்தவர் முந்தின நாள் மாற்றலாகி வந்த புது ஆள். பாவம், நல்ல மனதோடுதான் ஒரு மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தார். விடியற்காலையில் பெரியம்மாவுக்குக் குளிர் நடுக்கம். அந்த ஊரில் யாரை எழுப்புவது, எந்த வண்டியைக் கூப்பிடுவது என்றும் அவருக்குத் தெரியவில்லை. ஐந்து நாள் அட்மிஷன்.

இரண்டாவது கீமோவிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா. பீடி சுற்றுகிறவர், புகையிலை முறத்தைத் தன் வீட்டிலேயே வைத்துவிட்டு, குளித்துவிட்டுத்தான் வருவார். மாதக் கூலி பேசிக்கொண்டோம். சும்மா செய்யும் உதவி என்றால் நடுராத்திரியில் எழுப்பப் பெரியம்மா கூச்சப்படுவார். நர்ஸ் வேலையெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தது இரண்டுதான்: தெர்மாமீட்டர் வைக்காமல் மாத்திரை கிடையாது, 100.4 என்றால் முதலில் தெருமுனை டிரைவர் தம்பிக்குப் போன், அப்புறம் எனக்கு.

மூன்றாவது கீமோவில் அது நடந்தது. 101. “இன்னா பெரிம்மா, எழுந்துக்கோ, போலாம்” என்று கிளப்பிவிட்டார். பள்ளிகொண்டா தாண்டும்போதுதான் எனக்கே போன் வந்தது. எமர்ஜென்சியில் உடனே ஊசி ஏறியது, மூன்றாம் நாள் வீடு.

பெரியம்மா நடமாடுகிறவர் என்பதால் இது ஒத்துவந்தது. படுக்கையோடு இருப்பவர், டியூப் வைத்தவர் என்றால் பயிற்சி உள்ள ஆள்தான் வேண்டியிருக்கும். அப்போதும் ஆளை மாற்ற மாட்டோம் என்று முன்கூட்டியே பேசி வாங்கிக்கொள்ளுங்கள். 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அது பகலுக்கு.

இப்போது ஐந்தாவது கீமோ முடிந்திருக்கிறது. காலண்டரில் எட்டு தேதிகளைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறோம். அந்த எட்டு ராத்திரிக்கும் அக்காவின் பாய் எங்கள் கூடத்தில்தான்.