யானைமலைக் கட்டுரையும் மூன்றாண்டுத் துணைக் கருவியும்

ஒத்தக்கடையில் குடியிருக்கும் நான், மதுரை வட்டாரத்துக் குடைவரைகளையும் கல்வெட்டுகளையும் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதி வருகிறேன். 2023 முதல் இப்பணிக்கு ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடியைத் துணையாக வைத்திருக்கிறேன். சந்திப்பிழை பார்ப்பதிலும் அட்டவணைக்கான விக்கிக் குறியீட்டை அமைப்பதிலும் அது மிச்சப்படுத்திய நேரம் மிகுதி.

தகவல் கேட்டால் நிலைமை வேறு. முதல் ஆண்டில் ஒத்தக்கடையிலுள்ள எங்கள் யானைமலையைப் பற்றிக் கேட்டால், பொள்ளாச்சிப் பக்கத்து ஆனைமலைக் காடுகளை விவரிக்கும். இப்போது அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் நம்பும்படியான பிழைகள் வருகின்றன. யானைமலையின் நரசிங்கப் பெருமாள் குடைவரையை எடுப்பித்தவர் பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி. 'நீர்த்தெளி'க்கும் முன்பே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து நீர்த்தெளித்தார் என்கிறது 770-ஆம் ஆண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டு. நீர்த்தெளித்தல் என்பது குடமுழுக்கு. உரையாடியோ அதைத் தண்ணீர்ப் பந்தல் அறக்கொடை என்று விளக்கி, சான்றாகக் கல்வெட்டு நூலொன்றின் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தந்தது. அந்தப் பக்கத்தில் வேறோர் ஊரின் கல்வெட்டே இருந்தது. சுட்டிக்காட்டியதும் ஒப்புக்கொண்டது, மறுநாள் புதிதாகக் கேட்டபோது பழையதையே சொன்னது. விக்கிப்பீடியாவில் ஒருவர் செய்யும் திருத்தம் பக்க வரலாற்றில் நிற்கிறது, அடுத்து வருபவர் அதன் காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் படிக்கிறார். இங்கே நான் செய்த திருத்தம் எவருக்கும் போய்ச் சேரவில்லை. இந்த மூன்றாண்டில் என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

விக்கிப்பீடியாவில் மனிதர்களின் பக்கப் பார்வைகள் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்திருப்பதாக அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 அக்டோபரில் தெரிவித்தது. தேடுபொறியே விடையைச் சொல்லிவிடுவது அதற்கு ஒரு காரணம். ஆங்கிலத்தைவிட எழுதுவோர் மிகக் குறைந்த தமிழில் இந்த இழப்பு கூடுதலாக உறைக்கும் என்றே கருதுகிறேன். படிக்க வந்து, பிழை கண்டு, 'தொகு' என்பதை அழுத்துபவரே பின்னர் எழுதுபவராகிறார். ஓர் ஊர்ப்பெயரில் ரகர றகரத்தை மாற்றப் போய்த்தான் நானும் உள்ளே வந்தேன். பக்கத்துக்கே வராதவர் எதைத் திருத்துவார்?

புதியவர் சிலர் செயற்கை நுண்ணறிவு உரையாடி எழுதித் தந்த கட்டுரையை அப்படியே ஏற்றுகிறார்கள். நடை சீராக இருப்பதால் பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு மேற்கோளையும் நூலோடு ஒப்பிட ஒரு மாலை போய்விடுகிறது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே உரையாடி தந்த விடைகளுக்குத் தடை விதித்ததன் நியாயம் அந்த மாலைகளில்தான் எனக்கு விளங்கியது.

கல்வெட்டின் ஒளிப்படத்தையும் அச்சான பாடத்தையும் அருகருகே வைத்துப் படித்து, கட்டுரையை நானே எழுதி முடித்த பிறகுதான் இப்போதெல்லாம் உரையாடியைத் திறக்கிறேன். சந்திப்பிழை பார்க்க மட்டும்.